பழைய ஊசியை நினைவில் வைத்திருந்தவர்: பிட்யூட்டரி வளர்ச்சி ஹார்மோன் சிகிச்சை பற்றிய நிகழ்வு ஆய்வு

1984 நவம்பரில் கலிபோர்னியாவில் 20 வயது இளைஞர் ஒருவர் இறந்தார். ஆறு மாதங்களுக்கு முன்பு தலைசுற்றல் என்று தொடங்கிய தொல்லை அது. பிறகு நடை தள்ளாடியது, பேச்சு குழறியது, எதையாவது எடுக்கப் போன கை குறி தவறியது. வாரங்கள் நகர நகர நிற்கவும் முடியாமல் படுக்கையில் விழுந்தார். இருபது வயதில் இவ்வளவு வேகமாக மூளையை அழிக்கும் நோய் எது என்பது அவர் உயிரோடு இருந்தவரை யாருக்கும் பிடிபடவில்லை. பிரேதப் பரிசோதனையில்தான் விடை கிடைத்தது. நுண்ணோக்கியில் பார்த்தபோது மூளைத் திசு கடற்பஞ்சு போலப் பொத்தல் பொத்தலாக இருந்தது. க்ராய்ட்ஸ்ஃபெல்ட்-ஜேக்கப் நோய்.

அந்த நோய் ஆண்டுக்குப் பத்து லட்சம் பேரில் ஒருவருக்கு வருவது. பெரும்பாலும் அறுபதைக் கடந்தவர்களுக்கு வருவது. மறதியில் தொடங்கி அறிவு மங்கிப்போவதே அதன் வழக்கமான போக்கு. இந்த இளைஞருக்கோ தொடக்கமே வேறு. உடலின் சமநிலைதான் முதலில் போயிற்று. வயதும் பொருந்தவில்லை, அறிகுறிகளின் வரிசையும் பொருந்தவில்லை. நரம்பியல் துறையில் மட்டும் இந்தக் கோப்பு சுற்றியிருந்தால், அரிதிலும் அரிதான ஒரு நேர்வு என்று குறித்துவிட்டு மூடியிருப்பார்கள்.

மூடவிடாமல் தடுத்தவர் நரம்பியல் மருத்துவரே இல்லை. ஸ்டான்ஃபோர்டில் குழந்தைகளின் நாளமில்லாச் சுரப்பி நோய்களைப் பார்த்துவந்த ரேமண்ட் ஹின்ட்ஸ். இறந்தவர் அவருடைய பழைய நோயாளி. பிறவியிலேயே பிட்யூட்டரி சுரப்பி சரியாக இயங்காதவர். சிறுவயதில் தொடங்கிப் பல ஆண்டுகள் வளர்ச்சி ஹார்மோன் ஊசி போட்டுக்கொண்டவர். ஊசியை நிறுத்திச் சில ஆண்டுகள் ஆகியிருந்தன. ஆனால் அந்த மருந்து எதிலிருந்து எடுக்கப்பட்டது என்பதை ஹின்ட்ஸ் மறக்கவில்லை. அது இறந்தவர்களின் மூளையடியில் இருக்கும் பிட்யூட்டரியிலிருந்து எடுக்கப்பட்டது. 1985 தொடக்கத்தில் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகத்துக்கு அவர் ஒரு கடிதம் எழுதினார். இதற்கும் அதற்கும் தொடர்பு இருக்கலாம், பாருங்கள் என்பதே அதன் சாரம்.

ஹார்மோன் சிகிச்சை வரலாற்றில் அதன்பின் நடந்த பலவும் இந்த ஒரு கடிதத்தில் கிளைவிட்டவை. அதை எழுத வைத்தது எந்தக் கருவியும் எந்தப் பரிசோதனையும் இல்லை. பழைய சிகிச்சை ஒன்றை ஒருவர் நினைவில் வைத்திருந்தார், அவ்வளவுதான். இந்த ஆய்வு முழுக்கவே யார் எதை நினைவில் வைத்திருந்தார்கள், யார் மறந்தார்கள் என்பதைப் பற்றியது.

மருந்து வந்த வழி

இன்சுலின் குறைந்தவர்களுக்கு மாட்டின் இன்சுலினும் பன்றியின் இன்சுலினும் 1922 முதலே கைகொடுத்தன. வளர்ச்சி ஹார்மோன் அப்படி வளைந்துகொடுக்கவில்லை. மாட்டிலிருந்து எடுத்ததை மனிதர்களுக்குப் போட்டுப் பார்த்தார்கள். ஒரு பயனும் இல்லை. 1950களின் நடுவில் எர்னஸ்ட் நோபிலும் ராய் கிரீப்பும் குரங்குகளில் செய்த சோதனைகள் காரணத்தைக் காட்டின. மாட்டின் ஹார்மோனுக்கு அசையாத குரங்கு, குரங்கின் ஹார்மோனுக்கு வளர்ந்தது. மனிதனுக்கு மனித ஹார்மோன்தான் வேண்டும் என்பது உறுதியாயிற்று. பாஸ்டனில் மாரிஸ் ரேபன் மனிதப் பிட்யூட்டரியிலிருந்து ஹார்மோனைப் பிரிக்கும் முறை ஒன்றைக் கண்டுபிடித்தார். 17 வயதுச் சிறுவன் ஒருவன் அந்த ஊசியால் வளர்ந்ததை 1958இல் அறிவித்தார்.

பட்டாணி அளவுள்ள சுரப்பி அது; எடை அரை கிராம் அளவுதான். ஒரு குழந்தையின் ஒரு வருடச் சிகிச்சைக்கே பல பத்துச் சுரப்பிகள் தேவைப்பட்டன. வாரத்துக்கு இரண்டு மூன்று முறை ஊசி, அதுவும் ஆண்டுக்கணக்கில். ஆக, பிணவறைகளில் சுரப்பி சேகரிப்பது ஒரு பெரிய ஏற்பாடாகவே வளர்ந்தது. அமெரிக்காவில் 1963இல் தேசியப் பிட்யூட்டரி முகமை உருவானது. பிரிட்டனில் மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் 1959இலேயே தொடங்கிவிட்டிருந்தது. பிணவறை ஊழியர்களுக்குச் சுரப்பி ஒன்றுக்குச் சிறு தொகை கொடுக்கும் வழக்கமும் அங்கே இருந்தது. குள்ளமான பிள்ளைகளைப் பெற்றவர்கள் நோய்க்குறியியல் மருத்துவர்களிடம் நேரில் போய்ச் சுரப்பிகளை வீணாக்காமல் அனுப்பச் சொல்லிக் கேட்டார்கள். அந்தப் பெற்றோரைப் பற்றி ஏளனமாக எழுதுவது இப்போது எளிது. பத்து வயதில் நான்கு வயதுக் குழந்தையின் உயரத்தில் நிற்கும் மகனை வைத்திருப்பவர்களுக்கு அன்று வேறு எந்த வழியும் இல்லை.

தட்டுப்பாடு ஒரு நல்ல காரியத்தையும் செய்தது. மருந்து குறைவாக இருந்ததால் அதைக் கடையில் விற்கவில்லை. ஆய்வுத் திட்டத்தின்கீழ் மட்டுமே கொடுத்தார்கள். யாருக்குக் குறைபாடு உண்மையிலேயே இருக்கிறது என்பதைச் சோதனைகளால் நிறுவ வேண்டியிருந்தது. இன்சுலின் கொடுத்து இரத்தச் சர்க்கரையை வேண்டுமென்றே இறக்கி, அப்போதும் சுரப்பி விழித்துக்கொள்கிறதா என்று பார்த்தார்கள். ஊசி போட்டுக்கொண்டவர்களின் பெயர்கள் ஏதோ ஒரு பட்டியலில் ஏறின. அந்தப் பட்டியல்களில் ஓட்டைகள் இருந்தன. எந்தத் தொகுப்பு மருந்து யாருக்குப் போனது என்பதற்கான குறிப்புகள் பல இடங்களில் இல்லை. ஆனாலும் பட்டியல் என்று ஒன்று இருந்தது. சாதாரண மருந்துச் சீட்டில் எழுதித் தரும் மருந்தாக இருந்திருந்தால் 1985இல் தேடிப் போக யாருடைய முகவரியும் கிடைத்திருக்காது.

ஏன் கலந்தது

சுரப்பிகளை ஒவ்வொன்றாகப் பிழிந்தெடுக்கவில்லை. ஆயிரக்கணக்கில் ஒன்றாகச் சேர்த்து அரைத்து, அதிலிருந்து ஒரு தொகுப்பு மருந்து எடுத்தார்கள். இதிலிருக்கும் ஆபத்தைக் காகிதமும் பேனாவும் இருந்தால் கணக்கிட்டுவிடலாம். நோய் ஆண்டுக்குப் பத்து லட்சத்தில் ஒருவரைக் கொல்கிறது. அதே பத்து லட்சம் பேரில் ஆண்டுக்கு எல்லாக் காரணங்களாலும் சுமார் பத்தாயிரம் பேர் இறக்கிறார்கள். ஆகவே ஏறத்தாழ பத்தாயிரம் சடலங்களில் ஒன்று அந்த நோயால் இறந்தவருடையது. பத்தாயிரம் சுரப்பிகளைச் சேர்த்து அரைத்தால் சராசரியாக அதில் ஒரு நோயுற்ற சுரப்பி இருந்தே தீரும். மறதி நோயாளிகள் நிறைந்த விடுதிகளிலிருந்து சுரப்பி எடுத்தால் கணக்கு இன்னும் மோசமாகும். ஒரு குழந்தை பத்தாண்டுகள் ஊசி போட்டுக்கொண்டால் எத்தனை தொகுப்புகளைத் தொட்டிருக்கும் என்பதையும் பெருக்கிக்கொள்ள வேண்டும்.

சுத்திகரிப்பில் அது போயிருக்காதா? இங்கேதான் இந்த நிகழ்வின் கசப்பான முரண் இருக்கிறது. ஹார்மோன் ஒரு புரதம். 191 அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி. கொதிக்கவைத்தாலோ கடுமையான வேதிப்பொருள்களில் ஊறவைத்தாலோ அது செயலிழந்துவிடும். அதனால் பிரித்தெடுக்கும் ஒவ்வொரு படியும் புரதத்துக்கு நோகாதபடி வகுக்கப்பட்டது. ப்ரியான் என்று ஸ்டான்லி புரூசினர் 1982இல் பெயரிட்ட அந்த நோய்க்காரணியும் ஒரு புரதமே: உருவம் மாறி மடிந்து, தன்னைச் சுற்றியுள்ள நல்ல புரதத்தையும் தன் வடிவத்துக்கு இழுத்துக்கொள்ளும் புரதம். ஃபார்மலினும் சாதாரண வெப்பமும்கூட அதை அசைப்பதில்லை. ஹார்மோனைக் காப்பாற்றிய அக்கறை ப்ரியானையும் பத்திரமாகக் காப்பாற்றியது.

ஊசி மருந்து ஹார்மோனாகத் தன் வேலையைக் குறைவில்லாமல் செய்தது என்பதையும் சொல்ல வேண்டும். பிள்ளைகள் வளர்ந்தார்கள். சிகிச்சையின் கோட்பாட்டில் பிழை இல்லை. பிழை அது வந்த குழாயில் இருந்தது. மருத்துவ ஆய்வுகள் அந்த நாட்களில் கேட்ட கேள்வி, இந்த ஹார்மோன் வேலை செய்கிறதா என்பது. இந்தக் குப்பியில் ஹார்மோனைத் தவிர வேறு என்ன இருக்கிறது என்ற கேள்வியை மிகச் சிலரே கேட்டார்கள்.

கேட்டவர் ஒருவர்

அந்த மிகச் சிலரில் முக்கியமானவர் எடின்பரோவில், ஆடுகளுக்கு வரும் இதே வகை மூளை நோயான ஸ்க்ரேப்பியை ஆராய்ந்த ஆலன் டிக்கின்சன். 1976 அக்டோபரிலேயே அவர் மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலிடம் எச்சரித்தார்: மனிதப் பிட்யூட்டரியிலிருந்து எடுக்கும் ஹார்மோனில் க்ராய்ட்ஸ்ஃபெல்ட்-ஜேக்கப் நோயின் காரணி இருக்க வாய்ப்புண்டு. அவர் ஜோசியம் சொல்லவில்லை. அந்த நோயைக் குரங்கினத்துக்கு ஊசி மூலம் பரப்ப முடியும் என்பதை கிப்ஸ், கஜ்டுசெக் குழுவினர் 1968இல் காட்டியிருந்தார்கள். 1974இல் கருவிழி மாற்று அறுவை சிகிச்சை மூலம் ஒருவருக்கு அது தொற்றியதாக அறிக்கை வந்திருந்தது. நியூ கினியின் ஃபோரே மக்களிடையே இறந்தவர்களை உண்ணும் சடங்கால் பரவிய, இதே வகையைச் சேர்ந்த கூரு நோய் பற்றி உலகுக்கே தெரிந்திருந்தது. கஜ்டுசெக்குக்கு நோபல் பரிசு கிடைத்ததும் அதே 1976இல்தான். கூருவும் தள்ளாட்டத்தில் தொடங்கும் நோய் என்பதை இங்கே குறித்துக்கொள்ளலாம். உடலின் வேறு பகுதி வழியாக நுழையும் ப்ரியான் உடலின் சமநிலையைக் காக்கும் சிறுமூளையை முதலில் தாக்குகிறது என்பதற்கு, கலிபோர்னிய இளைஞரின் நடை இன்னொரு சாட்சியானது.

எச்சரிக்கை கிடைத்ததும் பிரிட்டனில் சோதனைகளுக்கு ஏற்பாடு நடந்தது. சிகிச்சை மட்டும் தொடர்ந்தது. ஊசி போட்டுவந்த மருத்துவர்களுக்கும், போட்டுக்கொண்ட குடும்பங்களுக்கும் அந்தச் செய்தி உரிய நேரத்தில் போய்ச் சேரவில்லை. இருபது ஆண்டுகளுக்குப் பிறகு, 1996இல், லண்டன் உயர் நீதிமன்றத்தில் நீதிபதி மார்லண்ட் இதைத் தேதி போட்டுத் தீர்ப்பாக எழுதினார்: 1977 ஜூலை 1க்குப் பிறகு புதிதாகச் சிகிச்சை தொடங்கப்பட்டவர்கள் விஷயத்தில் சுகாதாரத் துறை அலட்சியமாக நடந்துகொண்டது. அதற்கு முந்தையவர்களுக்கு அந்தத் தீர்ப்பில் இடமில்லை. ஒரே மருந்தை ஒரே வார்டில் போட்டுக்கொண்ட இரண்டு பிள்ளைகளைத் தொடக்கத் தேதி பிரித்தது. சட்டத்துக்கு ஏதோ ஓரிடத்தில் கோடு போட்டாக வேண்டும் என்பது புரிகிறது. ஆனால் அந்தக் கோட்டின் தவறான பக்கத்தில் இருந்த ஒரு தாயிடம் அதை விளக்கிச் சொல்லும் வேலையை நான் ஏற்கமாட்டேன். பின்னர் வந்த இன்னொரு தீர்ப்பில், நோய் வராவிட்டாலும் வரக்கூடும் என்ற அச்சத்தால் மனநோய்க்கு ஆளானவர்களும் இழப்பீடு கோரலாம் என்று அதே நீதிபதி ஏற்றுக்கொண்டார்.

நிறுத்தம்

ஹின்ட்ஸின் கடிதத்தை வைத்துக்கொண்டு அமெரிக்க அதிகாரிகள் என்ன செய்திருக்க முடியும்? ஒரே ஒரு நேர்வு. தற்செயல் என்று சொன்னால் மறுக்க ஆதாரம் கிடையாது. நிறுத்தினால் ஆயிரக்கணக்கான பிள்ளைகளின் வளர்ச்சி நடுவழியில் நிற்கும். ஹார்மோன் இல்லாமல் இரத்தச் சர்க்கரை விழுந்துவிடும் கைக்குழந்தைகளும் அவர்களில் உண்டு. விசாரிக்கத் தொடங்கியதும் நிலைமை மாறியது. ஊசி போட்டுக்கொண்டவர்களில் இளவயதில் விளங்காத மூளை நோயால் இறந்த இன்னும் இருவர் பற்றிய தகவல் வந்தது; அவர்களுக்கும் அதே நோய். பிரிட்டனிலும் 1985 தொடக்கத்தில் இறந்த ஓர் இளம்பெண்ணின் மூளை அதையே சொன்னது. பத்து லட்சத்தில் ஒருவருக்கு, அதுவும் முதுமையில் வரும் நோய், சில ஆயிரம் இளைஞர்கள் கொண்ட ஒரு கூட்டத்தில் இத்தனை பேருக்கு வருவது தற்செயலாக இருக்கவே முடியாது. 1985 ஏப்ரல் 19 அன்று அமெரிக்காவில் விநியோகம் நின்றது. பிரிட்டனில் மே மாதம் நின்றது.

பிரான்ஸ் நிறுத்தவில்லை. சுத்திகரிப்பில் ஒரு படியைக் கூட்டிக்கொண்டது. ஆனால் அந்தப் படி இல்லாமல் தயாரித்த பழைய கையிருப்பும் அதன் பிறகு பயன்பட்டது. முதியோர், நரம்பு நோயாளிகள் இருந்த மருத்துவமனைகளிலிருந்தும் அங்கே சுரப்பிகள் எடுக்கப்பட்டிருந்தன. விளைவை எண்களே சொல்கின்றன. அமெரிக்கத் தேசியத் திட்டத்தில் சுமார் 7,700 பேர் ஊசி போட்டுக்கொண்டார்கள். நோய் வந்தவர்கள் 30க்குச் சற்று அதிகம். பிரிட்டனில் சுமார் 1,850 பேரில் 80 பேர் அளவில் இறந்தார்கள். பிரான்ஸில் சுமார் 1,700 பிள்ளைகளில் 100க்கும் மேற்பட்டோர். ஒரே ஹார்மோன், ஒரே நோய், மூன்று நாடுகள், மூன்று விதமான விகிதம். பாரிஸில் நடந்த குற்றவியல் வழக்கில் 2009இல் பொறுப்பாளர்கள் விடுவிக்கப்பட்டார்கள். 2011இல் மேல்முறையீட்டிலும் அதே முடிவு.

இந்த வேறுபாட்டுக்குள் ஒரு விந்தை ஒளிந்திருக்கிறது. அமெரிக்காவில் 1977இல் சுத்திகரிப்பு கலிபோர்னியாவில் ஆல்பர்ட் பார்லோவின் ஆய்வகத்துக்கு மாறியபோது, ஹார்மோனை மேலும் தூய்மையாக்க ஒரு வடிகட்டும் படி சேர்க்கப்பட்டது. ப்ரியான் என்ற சொல்லே அப்போது பிறந்திருக்கவில்லை. நோக்கம் நல்ல தரமும் அதிக விளைச்சலும் மட்டுமே. ஆனால் அந்த மாற்றத்துக்குப் பிறகு முதல் ஊசியைப் போட்டுக்கொண்டவர்களிடம் இந்த நோய் தலைகாட்டவில்லை. பிரிட்டனிலும் பல தயாரிப்பு முறைகள் புழக்கத்தில் இருந்தன; நோய் வந்தவர்கள் அனைவரும் ஒரு குறிப்பிட்ட முறையில் தயாரித்த மருந்தைப் பெற்றவர்கள். தெரியாமலே செய்த நன்மை ஒரு பக்கம், தெரிவித்தும் தவிர்க்காத தீமை இன்னொரு பக்கம்.

ஊசிக்கும் நோய்க்கும் இடைப்பட்ட அடைகாலமும் ஒரே மாதிரி இல்லை. சிலருக்கு ஐந்தாறு ஆண்டுகளில் வந்தது, சிலருக்கு முப்பது நாற்பது ஆண்டுகள் கழித்து வந்தது. ஜான் காலிஞ்சும் உடன் உழைத்தவர்களும் 1991இல் இதன் ஒரு முடிச்சை அவிழ்த்தார்கள். ப்ரியான் புரத மரபணுவின் 129ஆவது இடத்தில் பெற்றோர் இருவரிடமிருந்தும் ஒரே எழுத்தைப் பெற்றவர்கள் எளிதில் இரையானார்கள். வெவ்வேறு எழுத்தைப் பெற்றவர்களுக்கு ஓரளவு காப்பு இருந்தது, அல்லது காலம் கூடுதலாகக் கிடைத்தது.

ஆஸ்திரேலியாவின் கதையில் குழந்தைகளைவிடப் பெண்கள் முன்னே வருகிறார்கள். அதே பிட்யூட்டரியிலிருந்து கருமுட்டையைத் தூண்டும் ஹார்மோனும் எடுக்கப்பட்டு, பிள்ளையில்லாத பெண்களுக்கு ஊசியாகப் போடப்பட்டது. அப்படிப் பெற்றுக்கொண்ட பெண்களில் நால்வர் இந்த நோயால் இறந்தார்கள். 1994இல் மார்கரெட் அல்லார்ஸ் அளித்த விசாரணை அறிக்கை, சுரப்பி எடுக்க இறந்தவர்களின் குடும்பத்தாரிடம் அனுமதி கேட்காததையும், ஊசி போட்டுக்கொண்டவர்களுக்குப் போதிய விளக்கம் தராததையும் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது.

தலைப்புச் செய்தியாகாத மரணங்கள்

இந்த நிகழ்வைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் ப்ரியானோடு நிறுத்திவிடுகிறார்கள். நானும் அப்படியே நினைத்திருந்தேன், ஜேம்ஸ் மில்ஸும் சகாக்களும் 2004இல் வெளியிட்ட இறப்பு ஆய்வைப் படிக்கும்வரை. க்ராய்ட்ஸ்ஃபெல்ட்-ஜேக்கப் நோயைத் தேடத் தொகுத்த அதே பெயர்ப் பட்டியலை வைத்து, 6,107 பேரின் கதி என்னவாயிற்று என்று பார்த்தார்கள். அவர்கள் வயதுள்ள பொதுமக்களை வைத்துக் கணக்கிட்டால் 114 பேர் இறந்திருக்க வேண்டும். இறந்திருந்தவர்கள் 433 பேர். அவர்களில் ப்ரியான் நோயால் போனவர்கள் 26 பேர்.

மற்றவர்கள்? மூளைக்கட்டியால் பிட்யூட்டரியை இழந்தவர்கள் அந்தக் கட்டியாலேயே இறந்தது எதிர்பார்க்கக்கூடியது. அதிர்ச்சி தருவது இன்னொரு கூட்டம். பிட்யூட்டரி பழுதாகும்போது வளர்ச்சி ஹார்மோன் மட்டும் குறைவதில்லை. அட்ரீனல் சுரப்பியைத் தட்டியெழுப்பும் கட்டளையும் பலருக்கு நின்றுபோகிறது, கார்டிசால் சுரப்பதில்லை. சாதாரண நாட்களில் அவர்களை மாத்திரை காப்பாற்றிவிடும். காய்ச்சல், வாந்தி, அறுவை சிகிச்சை, விபத்து என்று உடல் நெருக்கடிக்கு ஆளாகும்போது, ஆரோக்கியமானவர் உடலில் கார்டிசால் பல மடங்கு பெருகும். இவர்களுக்குப் பெருகாது. இரத்த அழுத்தமும் சர்க்கரையும் சரிந்து, சில மணி நேரத்தில் உயிர் போய்விடும். வயிற்றுப்போக்கு என்று இரவில் படுத்த பிள்ளை காலையில் எழவில்லை என்ற வகை மரணங்கள். அட்ரீனல் குறைபாடு உள்ளவர்களின் இறப்பு அபாயம் பொதுமக்களைப் போல ஏழு மடங்கு. பிறந்த ஆறு மாதத்துக்குள் சர்க்கரை வீழ்ச்சிக்குச் சிகிச்சை பெற்றவர்களுக்கு அது 18 மடங்கு.

இதற்கான பரிகாரம் 1950களிலிருந்தே கையில் இருக்கிறது. காய்ச்சல் வந்தால், கார்டிசாலுக்கு ஈடாகத் தரும் ஹைட்ரோகார்டிசோன் அளவை இரண்டு மூன்று மடங்காக்க வேண்டும். வாந்தி எடுத்து மாத்திரை தங்காவிட்டால் தாமதிக்காமல் ஊசியாகப் போட வேண்டும். பழைய மருந்து, எளிய மருந்து. ஆனால் இதை வீட்டில் உள்ளவர் தெரிந்திருக்க வேண்டும், அவசரப் பிரிவில் இருக்கும் இளம் மருத்துவர் தெரிந்திருக்க வேண்டும், பிள்ளை வளர்ந்து வேறு ஊருக்குப் போனபின் அவனே நினைவில் வைத்திருக்க வேண்டும். உயரம் வந்துவிட்டது, ஊசி முடிந்தது, இனி மருத்துவரிடம் போக வேண்டியதில்லை என்று நினைத்தவர்கள் எத்தனை பேரோ. குழந்தை மருத்துவர் கைவிட, பெரியவர்களுக்கான மருத்துவர் கைப்பற்றாத இடைவெளி ஒன்று உண்டு. என் கணிப்பில் அந்த இடைவெளிதான் இந்தத் திட்டத்தின் பெரிய கொலையாளி. ப்ரியானைப் போல அதற்கு வினோதமான பெயர் இல்லை. நீதிமன்றத்தில் நிறுத்தப் பிரதிவாதியும் இல்லை.

தட்டுப்பாடு தீர்ந்த பிறகு

மாற்று மருந்து கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது இந்த நிகழ்வின் அதிர்ஷ்டம். ஜெனன்டெக் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 1979இலேயே மனித வளர்ச்சி ஹார்மோனின் மரபணுவைப் பாக்டீரியாவுக்குள் வைத்து ஹார்மோனைச் செய்ய வைத்திருந்தார்கள். அதை மனிதர்களில் சோதித்து 1982இல் வெளியான கட்டுரை ஒன்றின் முதல் ஆசிரியர் யார் என்று பார்த்தால், அதே ரேமண்ட் ஹின்ட்ஸ். பழைய மருந்தின் பிறப்பிடம் அவர் மனதில் ஏன் அவ்வளவு பளிச்சென்று இருந்தது என்பதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். 1985 அக்டோபரில் புரோட்ரோபின் என்ற பெயரில் அதற்கு அனுமதி கிடைத்தது. சங்கிலியின் முனையில் கூடுதலாக மெத்தியோனைன் என்ற ஓர் அமினோ அமிலம். 191க்குப் பதில் 192. பின்னால் வந்த தயாரிப்புகளில் அதுவும் போயிற்று.

பிணவறையின் தயவு தேவைப்படாத மருந்து வந்ததும் யாருக்குக் குறைபாடு என்ற வரையறையே இளகியது. தூண்டல் சோதனையில் மில்லிலிட்டருக்கு 5 நானோகிராமுக்குக் கீழே என்றிருந்த வரம்பு 7ஆகி, 10ஆகியது. பையன் மாறவில்லை, அவனுடைய இரத்தம் மாறவில்லை. நேற்று நலமாக இருந்தவன் இன்று நோயாளியானான். அடுத்தடுத்து நாள்பட்ட சிறுநீரக நோய், டர்னர் நோய்க்குறி என்று அனுமதி விரிந்தது. 2003இல், ஹார்மோன் குறைபாடு எதுவுமே இல்லாமல் காரணம் தெரியாத குள்ளத்துக்கும் அமெரிக்காவில் அனுமதி வந்தது. வெற்று ஊசியோடு ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வில், இறுதி உயரத்தில் கிடைத்த ஆதாயம் சராசரியாக 3.7 சென்டிமீட்டர். ஆண்டுக்கணக்கான ஊசிகளுக்கு இது ஈடா என்பதை ஒவ்வொரு குடும்பமும்தான் முடிவு செய்ய வேண்டும். ஈடுதான் என்று சொல்லும் மருத்துவர் முதலில் இந்த எண்ணைச் சொல்லிவிட்டு ஆரம்பிக்கலாம்.

புதிய மருந்தையும் கண்காணிக்க வேண்டும் என்ற புத்தி மட்டும் பழையதிலிருந்து வந்தது. எட்டு ஐரோப்பிய நாடுகளில் 24,000க்கும் மேற்பட்டோரைத் தொடர்ந்து சென்ற ஆய்வின் இறப்பு முடிவுகள் 2020இல் வந்தன. வேறு நோய் எதுவும் இல்லாமல் ஹார்மோன் குறைபாட்டுக்கோ குள்ளத்துக்கோ மட்டும் ஊசி பெற்றவர்களின் இறப்பு விகிதம் கூடவில்லை. கூடியிருந்தது, அடிப்படையிலேயே கடுமையான நோய் இருந்தவர்களுக்கு.

குப்பிகள்

கதை 1985இல் முடிந்துவிட்டதாக நினைத்தவர்களுக்கு 2015இல் ஓர் இடி. காலிஞ்சின் குழுவினர், பிட்யூட்டரி ஹார்மோனால் ப்ரியான் நோய் வந்து இறந்த எட்டுப் பேரின் மூளைகளை ஆராய்ந்தார்கள். இறந்தவர்கள் முதுமையை எட்டாதவர்கள். இருந்தும் பலருடைய மூளையில் ஆல்ஸைமர் நோயில் காணப்படும் அமிலாய்டு பீட்டா என்ற புரதம் படிந்திருந்தது. சுரப்பியோடு அதன் விதையும் சேர்ந்து வந்ததா? கேள்வி எழுந்ததும் அவர்கள் தேடிப்போனது பழைய குப்பிகளை. பல பத்தாண்டுகளுக்கு முந்தைய மருந்துத் தொகுப்புகள் சில பிரிட்டிஷ் அரசுக் கிடங்கில் இன்னும் இருந்தன. யாரோ தூக்கி எறியாமல் வைத்திருந்தார்கள். அவற்றில் அமிலாய்டு பீட்டா இருந்தது. எலிகளின் மூளையில் செலுத்தியபோது படிவுகளை உண்டாக்கவும் செய்தது. 2018இல் இது வெளியானது. மருந்துகளில் அது இருந்தது அந்த ஒரு தயாரிப்பு முறையில் வந்தவற்றில்தான். ப்ரியான் நோய் வந்தவர்கள் பெற்ற அதே முறை.

2024 ஜனவரியில் அடுத்த அறிக்கை. அதே வகை ஹார்மோன் பெற்று, ப்ரியான் நோய் வராமல் தப்பிய எட்டுப் பேரைப் பரிசோதித்ததில், ஐந்து பேருக்கு 38க்கும் 55க்கும் இடைப்பட்ட வயதில் ஆல்ஸைமரை ஒத்த மறதி நோய் தொடங்கியிருந்தது. ஐந்து பேர் என்பது மிகச் சிறிய எண். அவர்களின் சிறுவயது நோய்களும் சிகிச்சைகளும் இதில் கலந்திருக்கலாமே என்று கேட்பவர்களின் கேள்வியில் நியாயம் உண்டு. ஆல்ஸைமர் பழகுவதாலோ பராமரிப்பதாலோ தொற்றுவதில்லை என்பதில் இந்த ஆய்வாளர்களுக்கும் சந்தேகமில்லை. அந்தச் சிகிச்சைமுறை நின்று பல பத்தாண்டுகள் ஆகிவிட்டதால் புதிதாக யாருக்கும் இந்த வழியில் வர வாய்ப்பும் இல்லை.

அன்று ஊசி போட்டுக்கொண்ட பிள்ளைகளில் பலர் இப்போது ஐம்பது, அறுபது வயதில் இருக்கிறார்கள். இரத்ததானம் செய்யக் கூடாது, உறுப்புதானம் செய்யக் கூடாது, அறுவை சிகிச்சைக்கு முன் பழைய ஊசியைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்று அவர்களுக்கு அறிவுறுத்தியிருக்கிறார்கள். கார்டிசால் குறைந்தவர்கள் அதைச் சொல்லும் அட்டையையும் சட்டைப் பையில் வைத்திருக்க வேண்டும். அவர்களில் ஒருவர் நடை தள்ளாடுகிறது என்றோ மறதி கூடுகிறது என்றோ நரம்பியல் மருத்துவரிடம் போனால், முதல் சந்திப்பிலேயே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: சின்ன வயதில் உயரத்துக்காக ஊசி போட்டுக்கொண்டீர்களா, எந்த ஆண்டு?